ராஜகுமாரி மாத்திரை

தாண்டிக்குடிப் பக்கம் ராஜகுமாரி செத்துப்போனதாகப் பேச்சுக் கிளம்பிய நேரத்தில், அவள் கொடைக்கானலில் ஒரு அரசு ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் ஒரு பெரியவருக்கு சளி துப்ப டப்பா கொடுத்துக்கொண்டிருந்தாள். சேதி கொண்டுவந்தவன் பொன்னுவேல். காசநோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவன்; மலை ஊர்களுக்கெல்லாம் பைக்கில் போய் நோயாளிகள் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பது அவன் சோலி. ஹெல்மெட்டைக் கழற்றாமலே வார்டு வாசலில் நின்று சொன்னான்.

"சிஸ்டர், ஒங்கள எரிச்சே முடிச்சுட்டாங்களாம்."

"யாரு?"

"தாண்டிக்குடில. டிபி வராம இருக்க மாத்திரை சாப்பிட்ட கொடைக்கானல் நர்ஸு ஒண்ணு கண்ணு மஞ்சளாகிச் செத்துப்போச்சாம். பேரு மொதக்கொண்டு சரியாச் சொல்றாங்க. ஒரு வீட்லயும் மாத்திரைய வாங்க மாட்டேங்கறாங்க."

ராஜகுமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. கதையில் சாவைத் தவிர மற்றதெல்லாம் நடந்ததுதான்.

அவள் வடகவுஞ்சிக்காரி. பூண்டும் கேரட்டும் போடுகிற வீடு. சின்ன வயசிலேயே, கையில் அரிவாள் பட்டால் கூடத் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டில் சொல்வாள். அது பொறுமை என்று அவள் அம்மா நினைத்துக்கொண்டாள். உண்மையில் அது வீம்பு. திண்டுக்கல்லில் நர்ஸிங் படித்து, கீழே இரண்டு ஊர்களில் வேலை பார்த்துவிட்டு, மாறுதல் வாங்கிக்கொண்டு மலைக்கே வந்துசேர்ந்தாள். புருஷன் குழந்தைவேல் ஊரில் இருந்தபடி பூண்டுக் காட்டைப் பார்த்துக்கொண்டான். அவள் வாரத்துக்கு ஒருமுறை போய்வருவாள்.

ஆண்கள் வார்டில் எப்போதும் இருமல் உண்டு. எஸ்டேட்டிலிருந்து வருவார்கள், லாட்ஜில் வேலை பார்க்கிற பையன்கள் வருவார்கள். சன்னலைத் திறந்துவைத்தால் மூடுபனி உள்ளே வந்து கட்டில் விரிப்பெல்லாம் ஈரமாகிவிடும். நோயாளிகள் நடுங்குவார்கள். அதனால் சன்னல் எப்போதும் சாத்தியே கிடக்கும். உள்ளே யாருக்குக் காசநோய், யாருக்குச் சாதாரண சளி என்று பரிசோதனை முடிவு வரும்வரை தெரியாது. அதுவரை எல்லாரும் ஒரே காற்றைத்தான் சுவாசித்தார்கள், நர்ஸுகளும் சேர்ந்து.

ஒரு வருஷம், ஊழியர்கள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க உத்தரவு வந்தது. காசநோய்க் கிருமி உடம்புக்குள் போயும் நோயாக மாறாமல் முடங்கிக் கிடக்கிறதா என்று சொல்லும் பரிசோதனை. இருக்கிறது என்றால் இருமல் இருக்காது, காய்ச்சல் இருக்காது, அடுத்தவருக்கு ஒட்டாது. என்றைக்காவது உடம்பு தளரும்போது எழுந்துகொள்ளும், இல்லையென்றால் கடைசிவரை அப்படியே கிடக்கும். முன்கூட்டியே அதைக் கொல்ல ஒரு மருந்து இருந்தது. வாரம் ஒருமுறை ஒரு கை நிறைய மாத்திரை, மூன்று மாதம்.

முடிவு வந்தபோது பாதிப் பேருக்கு மேல் இருந்தது. ராஜகுமாரிக்கு இருந்தது. அவளோடு வேலை பார்த்த சுகன்யாவுக்கு இருந்தது. பெரிய டாக்டர் இராமலிங்கத்துக்கும் இருந்தது.

டீ குடிக்கிற அறையில் ஒரு வாரம் இதே பேச்சுதான்.

"நோயே இல்லாதவளுக்கு எதுக்கு மருந்து?" என்றார்கள். "இன்னைக்குக் கொன்னா நாளைக்கு வார்டுல புதுசா ஒண்ணு ஏறிக்கிரும், அப்புறம் மறுபடி மூணு மாசமா?" என்றார்கள். மருந்தாளர், ஈரலைப் பிடித்தால் தெரியும் என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். இராமலிங்கம் டாக்டர் கூட்டம் போட்டு, "கட்டாயம் ஒண்ணும் இல்ல. வேணுங்கறவங்க சாப்பிடலாம்," என்றார். குரலில் சலிப்பு இருந்தது. அவர் சாப்பிடப்போவதில்லை என்பது எல்லாருக்கும் புரிந்தது. அதுக்கு மேல் என்ன வேண்டும்.

ராஜகுமாரியும் சாப்பிட வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தாள். நோயாளி வீட்டு ஆட்களிடம் இந்த மாத்திரையைச் சாப்பிடச் சொல்வது அவள் வேலையில் ஒன்று. சொல்வாள், வாங்கிக்கொண்டு போவார்கள், அதோடு சரி. வட்டக்கானலில் கெஸ்ட்ஹவுஸில் துணி துவைக்கிற ஒரு பெண், புருஷனை வார்டில் சேர்த்திருந்தவள், மாத்திரைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள், "நீங்க இதப் போட்டுக்கிட்டீங்களா சிஸ்டர்?"

அந்தப் பெண் குதர்க்கமாகக் கேட்கவில்லை. எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள். ராஜகுமாரிக்கு முகம் சுட்டது.

"இந்த வாரம் ஆரம்பிக்கப்போறேன்," என்றாள். ஆரம்பிக்கவும் செய்தாள். ஆஸ்பத்திரியில் அவள் ஒருத்திதான்.

சுகன்யா பழனிக்காரப் பெண். அடிவாரத்தில் அவள் அம்மா தமயந்திக்குப் பூஜை சாமான் கடை. சுகன்யாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்; புருஷன் சந்தோஷ்குமார் கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் வேலை. எதையும் அடுத்தவள் செய்து பார்த்த பிறகு செய்கிற சுபாவம் அவளுக்கு. புதுப் புடவை எடுத்தாலும் யாராவது அந்தக் கடையில் எடுத்திருக்கிறார்களா என்று கேட்பாள்.

"நீங்க முடிங்கக்கா. ஒங்களுக்கு ஒண்ணும் இல்லேன்னா நான் ஆரம்பிக்கிறேன்."

"ஒண்ணும் ஆகாதுடி. மூத்திரம் செவப்பாப் போகும், அவ்வளவுதான்."

இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் ராஜகுமாரிக்குச் சோற்றைக் கண்டால் குமட்டியது. வலது விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக இருந்தது. படி ஏறினால் காலில் பலம் இல்லை. இது என்ன என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. வீட்டு ஆட்களுக்கு மாத்திரை கொடுக்கும்போது, வாந்தி வந்தால், சாப்பாடு பிடிக்காவிட்டால் உடனே நிறுத்திவிட்டு ஓடி வா என்று அவளே தினமும் சொல்கிறாள். ஆனால் டீ அறையில் எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன ராஜகுமாரி, ஈரல் பத்திரமா என்று மருந்தாளர் கேட்பார். நல்லா இருக்கு சார் என்பாள். சோற்று டப்பாவை யாரும் பார்க்காமல் கொட்டிக் கழுவினாள். அந்த வாரத்து மாத்திரையையும் விழுங்கினாள். இன்னும் கொஞ்ச வாரம்தானே என்று அடுத்த வாரத்ததையும் விழுங்கினாள்.

கண்ணைப் பார்த்து முதலில் பதறியவள் சுகன்யா. காலை ஷிஃப்ட் மாறும்போது, வெளிச்சத்தில் அவள் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"அக்கா, கண்ணு மஞ்சளா கெடக்கு."

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்தாள். ஒரு கட்டத்தில் ஆளை அடையாளம் தெரியாமல் ஏதோ பேசினாள் என்று குழந்தைவேல் பிற்பாடு சொன்னான். அவன் கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுப் படுத்திருந்தான். பூண்டுக் காடு களை மண்டிப் போனது. அவள் பிழைத்தாள். குமட்டிய பிறகும் நிறுத்தாமல் இரண்டு வாரம் விழுங்கியதுதான் இவ்வளவு தூரம் இழுத்துவிட்டது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்ப வேலைக்கு வந்தபோது எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். இளநீர் வாங்கி வந்தார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். ஆனால் அந்த மாத்திரைக்கு இப்போது ஒரு பெயர் வந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் விவரம் கேட்டபோது, மருந்தாளர் சாதாரணமாகச் சொன்னது அவள் காதில் விழுந்தது. "ராஜகுமாரி மாத்திரையா? ஒனக்கு எதுக்கும்மா அது?"

அவள் அதைக் கோபத்தோடு எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் டீ அறையில் எழுந்து நின்று, தான் குமட்டலை மறைத்ததைச் சொன்னாள். நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, ஆயிரத்தில் எங்கோ ஒருத்தருக்கு வருவதை நானே முற்றவிட்டேன் என்றாள். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தர், "விடு ராஜகுமாரி, பொழச்சு வந்ததே பெருசு," என்றார். அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துச் சொன்னார். சுகன்யா தலையைக் குனிந்து கப்பைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் கையைப் பிடித்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எனக்குப் பயமா இருக்கு. பிள்ளை பெத்துட்டு அப்புறம் பாக்கிறேன்."

இந்த நிலைமையில்தான் பொன்னுவேல் அந்தச் சேதியோடு வந்து நின்றான். நேரில் வந்து உயிரோடு இருப்பதைக் காட்டுங்கள் என்றான். அவள் ஒத்துக்கொண்டு, விடுப்பு நாளில் அவனோடு ஜீப்பில் போனாள்.

காப்பித் தோட்டத்துக்குள் ஒரு ஓட்டு வீடு. ஆண்டிச்சாமி என்கிற தோட்டத் தொழிலாளி காசநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி ராக்காயி, இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கத்தான் பொன்னுவேல் பல தடவை வந்து திரும்பியிருந்தான்.

"இந்தா, நீங்க செத்துட்டதாச் சொன்ன சிஸ்டர் வந்துருக்காங்க பாருங்க," என்றான் பொன்னுவேல்.

ராக்காயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். உட்காரச் சொல்லிப் பால் இல்லாத வரக்காப்பி கொடுத்தாள். பிறகு நேராகக் கேட்டாள்.

"அப்ப கண்ணு மஞ்சளானது பொய்யா?"

பொன்னுவேல் ராஜகுமாரியைப் பார்த்தான். ஆமாம், பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ராஜகுமாரி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"பொய்யில்ல. எனக்கு ஆச்சு. நான் நிறுத்த வேண்டிய நேரத்துல நிறுத்தல. சின்னப் பிள்ளைகளுக்கு அப்படி வர்றது ரொம்ப அபூர்வம். வாந்தி வந்தா ஒடனே நிறுத்திரலாம். ஒங்க வீட்டுக்காரர் இருமுன காத்துதான் இதுகளும் குடிச்சிருக்கு. நோயா வந்தா அது இந்த மாத்திரைய விட மோசம்."

ராக்காயி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். பிறகு பிள்ளைகள் இரண்டையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க படிச்சவுங்க. ஒங்களுக்கே எப்ப நிறுத்தணும்னு தெரியல. நான் எங்கிட்டுக் கண்டுபிடிக்க? எம்பிள்ளைக ஓடியாடிக்கிட்டுத் திரியுதுக. அப்படியே இருக்கட்டும் சிஸ்டர்."

திரும்பும்போது ஜீப்பில் பொன்னுவேல் கொடுக்காத மாத்திரைகளைப் பைக்குள் திரும்ப வைத்தான். பிறகு, "உண்மையச் சொல்லாம இருந்திருக்கலாம் சிஸ்டர்," என்றான். கோபம் இல்லை, களைப்பு. பொய் சொல்லி, அந்தப் பிள்ளைகளில் ஒன்றுக்கு ஏதாவது ஆனால் யார் முகத்தில் விழிப்பது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். அடுத்த முறை பொன்னுவேல் போனபோது அந்தக் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டிருந்தது.

சுகன்யா உண்டானாள். ஏழாம் மாதம் முடிந்து தாய்வீட்டுக்குப் போனாள். பழனியில் பெண் குழந்தை பிறந்தது. ராஜகுமாரி போனில் பேசும்போதெல்லாம் சுகன்யா லேசாக இருமினாள்.

"என்னடி இருமல்?"

"மலையிலேர்ந்து எறங்குனதுல ஒத்துக்கலக்கா. தூசி."

பச்சை உடம்பில் சீதளம் ஏறிவிட்டது என்று தமயந்தி கஷாயம் வைத்துக் கொடுத்தாள். காய்ச்சல் வந்து வந்து போனது. தலை வலித்தது. பிள்ளைக்காரிக்குத் தூக்கம் இல்லாவிட்டால் தலை வலிக்கத்தான் செய்யும் என்றார்கள். சுகன்யாவும் அதையே சொன்னாள், சைனஸ் என்றாள், மாத்திரை போட்டுக்கொண்டாள். வார்டில் இதே அறிகுறியோடு வந்தவர்களுக்கு அவளே சளி டப்பா கொடுத்தவள். தன் இருமல் மட்டும் அவளுக்கு இருமலாகத் தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் போனை எடுத்தது தமயந்தி. "எந்திரிக்க மாட்டேங்கறா. வாந்தியா எடுக்கறா. பிள்ளைய எடுத்துக் குடுத்தா யாரு பிள்ளைன்னு கேக்கறா."

ராஜகுமாரி அப்போதே புறப்பட்டாள். அவள் போய்ச் சேர்வதற்குள் மதுரைக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். காசநோய் நுரையீரலில் ஆரம்பித்து மூளை வரை ஏறிவிட்டது. சுகன்யா கண் திறந்திருந்தாள், ஆனால் இரண்டு விழியும் ஒரே பக்கம் பார்க்கவில்லை. ராஜகுமாரி குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். உதடு அசைந்த மாதிரி இருந்தது. சரியாகத் தெரியவில்லை. மூன்றாம் வாரம் இறந்துபோனாள்.

பழனியில் காரியம் முடிந்த அன்று, பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தமயந்தி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். ராஜகுமாரி பக்கத்தில் போய் நின்றாள். தமயந்தி நிமிர்ந்து பார்த்துவிட்டு, சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்.

"ஒனக்கு ஒண்ணும் ஆகாம இருந்திருந்தா எம்பொண்ணும் போட்டுருப்பா."

அது பழியா புலம்பலா என்று ராஜகுமாரிக்குப் பிடிபடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

உள்ளே குழந்தை அழுதது. அதற்குப் பரிசோதனை எல்லாம் செய்து நோய் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் இருமிய தாயின் மடியில் கிடந்த பிள்ளை. ஆறு மாதம் தினமும் தடுப்பு மாத்திரையைக் கரைத்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாத்திரை அட்டை அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது. சந்தோஷ்குமார் அதை எடுத்துவந்து ராஜகுமாரி முன்னால் நீட்டினான். பல நாள் தாடி, கண் உள்ளே போயிருந்தது.

"நீங்க சொல்லுங்கக்கா. குடுக்கலாமா?"

தமயந்தியும் அவளையே பார்த்தாள். கொடு என்று சொல்லி நாளைக்கு ஏதாவது ஆனால் இந்த வீட்டில் அவளை வைத்து எரித்துவிடுவார்கள். வேண்டாம் என்றால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. அவளுக்கு ஆனது எல்லாருக்கும் தெரியும். அவள் அட்டையை வாங்கிப் பிரித்தாள். ஒரு ஸ்பூனில் கரைத்து, குழந்தையை மடியில் வைத்து, வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். குழந்தை முகத்தைத் திருப்பியதில் பாதி கன்னத்தில் வழிந்தது. துடைத்துவிட்டு இன்னொரு பாதி கரைத்தாள்.

"தெனம் நீங்க குடுங்கம்மா. ஞாயித்துக்கெழம நான் வந்து பாக்கிறேன்," என்று தமயந்தியிடம் சொன்னாள்.

வந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் வெள்ளனே பஸ் ஏறி, பெருமாள்மலை தாண்டி, தன் ஊருக்குப் பிரியும் விலக்கைக் கடந்து, பழனிக்கு இறங்குவாள். குழந்தையை வாசலுக்குத் தூக்கிவந்து வெயிலில் கண்ணைப் பார்ப்பாள். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள். பால் குடிக்கிறதா, கக்குகிறதா என்று கேட்பாள். தமயந்தி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். சில ஞாயிறு கடையில் கூட்டம் இருக்கும், மாலை அணிந்து வந்தவர்கள் கற்பூரம் கேட்டு நிற்பார்கள். அப்போது ராஜகுமாரி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள். சனிக்கிழமை இரவெல்லாம் தூக்கம் பிடிக்காமல் அவள் போன் பண்ணுவது குழந்தைவேலுக்கு மட்டும் தெரியும்.

அந்த நாட்களில்தான் இராமலிங்கம் டாக்டர் ஒருநாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஒனக்குக் குமட்டல் எப்படி ஆரம்பிச்சது? காலையிலயா, சாப்பிட்ட பிறகா?"

அவள் அவரைப் பார்த்தாள். "சார் சாப்பிடறீங்களா?"

"அந்தப் பொண்ணு போனதுலேர்ந்து. இன்னும் ரெண்டு வாரந்தான் பாக்கி. ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். சும்மா கேட்டேன்."

"சார், இத டீ ரூம்ல ஒரு தடவ சொல்லுங்க. நீங்க சொன்னாப் போதும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் மாத்திரை சாப்பிடறேன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியவா? அது என் சொந்த விஷயம் ராஜகுமாரி."

அவர் முடித்தார். ஒன்றும் ஆகவில்லை. அது அவருக்கும் ராஜகுமாரிக்கும் தவிர யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு ஆனது மலை தாண்டி எல்லா ஊருக்கும் போயிருந்தது. அந்த வருஷமும் ஊழியர்களுக்கு ரத்தம் எடுத்தார்கள். சுகன்யா இருந்த இடத்துக்கு வந்திருந்த தமிழ்மதி என்ற பெண்ணும் இன்னொரு வார்டுப் பணியாளரும் மாத்திரை சாப்பிட ஒத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் பார்க்கலாம் என்றார்கள். சுகன்யாவைப் பற்றிப் பேசும்போது, பாவம், பிரசவத்துல உடம்பு விட்டுப்போச்சு என்றார்கள்.

தமிழ்மதியிடம் ராஜகுமாரி எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் முன் சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டாள். அந்தப் பெண் சலித்துக்கொண்டாள். "எத்தன தடவ கேப்பீங்க சிஸ்டர்?" ராஜகுமாரி மறுபடியும் கேட்டாள். ராஜகுமாரிக்கு அந்த மருந்து இனி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். வேறொன்று இருக்கிறது, ஈரல் தேறட்டும், பிறகு யோசிக்கலாம் என்று மதுரை டாக்டர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அதுவரை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இருமல் வந்தால் அன்றைக்கே சொல்வது என்று குழந்தைவேலுக்குச் சத்தியம் செய்துகொடுத்திருந்தாள்.

குழந்தைக்கு மாத்திரை கொடுக்கிற ஆறு மாதம் முடிந்தது. கடைசி ஞாயிறு அவள் போனபோது பிள்ளை தவழ்ந்து வந்து, தலையைத் தூக்கி, அவளைப் பார்த்துச் சிரித்தது. நன்றாகச் சதை போட்டிருந்தது. மூக்கும் வாயும் சுகன்யாவின் அச்சு. ராஜகுமாரி எடுத்துக் கொஞ்சினாள். தமயந்தி கடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"மாத்திரை முடிஞ்சதுல்ல?"

"முடிஞ்சதும்மா. இனிப் பயமில்ல. அப்பப்ப வந்து பாத்துக்கிறேன்."

தமயந்தி பிள்ளையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இனி வர வேணாம்மா. நீ நல்லதுதான் செஞ்ச. எனக்குத் தெரியும். ஆனா ஒன்னப் பாக்கறப்பல்லாம் எனக்கு அந்த ஞாபகந்தான் வருது. முடியல."

ராஜகுமாரி தலையாட்டினாள். பையை எடுத்துக்கொண்டாள். சந்தோஷ்குமார் பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தான். ஏதாவது என்றால் போன் பண்ணு என்றாள். சரி என்றான்.

அடுத்த ஞாயிறு அவள் வடகவுஞ்சிக்குப் போய், புருஷனோடு பூண்டுக் காட்டில் களை எடுத்தாள். மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போது, பழனிக்குப் போகிற பஸ் மேலே வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. குழந்தைவேல் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. முழுவதையும் மெதுவாகச் சாப்பிட்டு முடித்துவிட்டு, மறுபடி களை எடுக்கும் நிரைக்குத் திரும்பினாள்.